கலமும் கடலாழமும்

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தில் தோணிகள் அணிவகுத்து நிற்கும். வெங்காயமும் காய்கறியும் கட்டடப் பொருள்களும் அவற்றில் ஏற்றப்பெற்று மாலத்தீவிற்கும் இலட்சத்தீவிற்கும் செல்கின்றன. சரக்கு ஏறுவதற்கு முன்னர்த் தோணியின் வயிற்றுப் பலகைகள் நீருக்கு மேலே உயர்ந்து தோன்றும். மூட்டைகள் உள்ளே இறங்க இறங்கத் தோணியும் சிறிது சிறிதாக நீரினுள் தாழும். காலையில் கண்ணுக்குத் தெரிந்த பலகை மாலையில் நீருக்குள் மறைந்துவிடும். ஆயினும் தோணி மூழ்குவதில்லை. ஓரளவு தாழ்ந்து, அந்நிலையிலேயே நின்றுவிடுகிறது.

அதே துறையில் ஒருவர் கையிலிருந்து ஓர் இரும்பாணி நழுவி நீரில் விழுமாயின், அஃது அக்கணமே அடியிற் சென்று சேரும். அத்தகைய ஆணிகள் பல்லாயிரத்தையும் நூற்றுக்கணக்கான மூட்டைகளையும் தாங்கிய தோணி மிதக்கிறது. தனியோர் ஆணி மூழ்குகிறது. இதற்குக் காரணம் யாது? தோணி எந்த அளவு தாழும்? எந்த அளவிற்கு மேல் அது மூழ்கும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பவர், முத்துக்குப் பெயர்பெற்ற இக்கடற்கரையின் வரலாற்றிற்கே ஒரு திறவுகோலைப் பெறுவர். என்னை? இக்கரையில் ஊர்கள் உயர்ந்ததும் தாழ்ந்ததும் கலங்கள் மிதப்பதற்கு வேண்டிய ஆழத்தைப் பொறுத்தே அமைந்தன.

மிதத்தலின் இரு வழிகள்

நீரின்மேல் செல்ல விரும்பிய மனிதன் முதலில் கண்டது மிதக்கும் மரமே ஆகும். ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட கட்டையைப் பற்றிக்கொண்டு அவன் கரை சேர்ந்திருப்பான். பின்னர்ப் பல கட்டைகளைப் பிணைத்துப் புணை செய்தான். பெருமரத்தைக் குடைந்து ஓடம் செய்தான். நெதர்லாந்து நாட்டில் பெஸ்ஸே என்னும் ஊரில் 1955 ஆம் ஆண்டு சாலை அமைக்கும் பொழுது, ஒரே மரத்தைக் குடைந்து செய்த சிற்றோடம் ஒன்று கிடைத்தது. அஃது ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். எகிப்து நாட்டுப் பெரும் பிரமிடின் அருகே 1954 இல் ஒரு மரக்கலம் கண்டெடுக்கப்பட்டது. அது 43 மீட்டர் நீளமுடையது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதன் பலகைகள் ஆணி அறையப் பெறாமல், கயிற்றால் தைத்துப் பிணைக்கப்பட்டிருந்தன.

தமிழர் தம் மொழியிலும் இவ்வளர்ச்சி பதிந்து கிடக்கிறது. புணை, தெப்பம், மிதவை என்பன கட்டையையும் மூங்கிலையும் பிணைத்தவை. ஓடம், அம்பி, தோணி, திமில் என்பன ஆற்றிலும் கடலிலும் இயங்கியவை. வங்கம், நாவாய் என்பன பெருங்கடலில் சென்ற பெருங்கலங்கள். கரிகால் வளவனின் முன்னோன் ஒருவன் காற்றின் இயல்பறிந்து அதனைத் தன் ஏவலுக்கு உட்படுத்தி நாவாய் செலுத்தினான் என்ற செய்தியை, வெண்ணிக்குயத்தியார் பாடிய புறநானூற்றுப் பாடல் தெரிவிக்கிறது. பண்டம் ஒன்றேயாயின் பெயர் ஒன்றே போதும். பெயர்கள் பலவாயிருத்தலே, கலங்கள் பலவகையாய் இருந்தன என்பதற்குச் சான்றாகும்.

இக்கலங்கள் யாவும் இரு வழிகளிலேயே மிதக்கின்றன. ஒன்று, பொருளின் இலேசினால் மிதத்தல். மற்றொன்று, வடிவின் வெறுமையால் மிதத்தல். கட்டுமரம் முதல் வழியைச் சார்ந்தது. எடை குறைந்த மென்மரத் துண்டுகளைச் செதுக்கி, அருகருகே வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டுவதே கட்டுமரம். அதற்கு உட்குழிவு இல்லை. பக்கச் சுவரும் இல்லை. அலை மேலேறிப் பாயும். பாய்ந்த நீர் மர இடுக்குகளின் வழியே வழிந்து போகும். நீர் நிறைந்து மூழ்கும் அச்சம் கட்டுமரத்திற்கு இல்லை. ஆனால், மரம் ஊறினால் கனக்கும். ஆதலால், கரை சேர்ந்ததும் மீனவர் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். இப்பெயரே ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று ‘கட்டமரான்’ என வழங்குகிறது. ஆயினும், இரட்டை உடல் கொண்ட வேறொரு வகைக் கலத்தையே அங்கு அப்பெயர் இன்று குறிக்கின்றது.

வள்ளமும் தோணியும் இரண்டாம் வழியைச் சார்ந்தவை. அடியில் ஏரா என்னும் நெடுங்கட்டை ஓடும். அதிலிருந்து விலா எலும்புகளைப்போல் வங்குகள் இருபுறமும் வளைந்தெழும். வங்குகளின்மேல் பலகைகள் அறையப்படும். பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்குகளில் பஞ்சை வைத்து இறுக்கி, நீர் புகாதபடி அடைப்பர். இவ்வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். கட்டுமரத்தில் நீர் ஏறினால் தீங்கில்லை. தோணியின் உள்ளே நீர் ஏறினால் தோணியே இல்லை. தோணியைத் தாங்குவது அதன் மரம் மட்டுமன்று. அதனுள் இருக்கும் வெற்றிடமே அதனைப் பெரிதும் தாங்குகிறது. அவ்வெற்றிடத்தைக் காப்பதே கலப்பற்று வேலை செய்பவரின் கடமை. ஓர் இடுக்கை அவர் கருத்தின்றி அடைத்துவிட்டால், நடுக்கடலில் பலருடைய உயிர் அதற்கு விலையாகும்.

ஆர்க்கிமிடீசு கண்ட விதி

வெற்றிடம் எவ்வாறு தாங்கும் என்ற வினாவிற்கு விடை கண்டவர், சிசிலித் தீவிலுள்ள சைரக்கியூசு நகரத்தில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசு என்னும் கிரேக்க அறிஞர். மிதக்கும் பொருள்களைப் பற்றி அவர் ஒரு நூலே இயற்றினார். நீரில் இறங்கும் பொருள், தான் புகும் இடத்திலிருந்து நீரை விலக்குகிறது. அவ்வாறு விலகிய நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு சுற்றியுள்ள நீர் அப்பொருளை மேல்நோக்கித் தள்ளுகிறது. இதுவே அவர் கண்ட விதி.

இதன் காரணமும் எளிதே. நீரில் ஆழம் செல்லச் செல்ல அழுத்தம் மிகும். ஆகவே, ஒரு பொருளின் மேற்புறத்தை நீர் கீழ்நோக்கி அழுத்துவதைக் காட்டிலும், அதன் அடிப்புறத்தை மேல்நோக்கி அழுத்துவது மிகுதியாகும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே பொருளைத் தாங்கும் விசையாக அமைகிறது. பொருளின் எடை இவ்விசையினும் மிகுமாயின் பொருள் மூழ்கும். இரண்டும் ஒத்திருப்பின் மிதக்கும்.

ஒரு கன மீட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோகிராம் எடையுள்ளது. அதே பருமனுள்ள இரும்பு ஏறத்தாழ 7,850 கிலோகிராம் எடையுள்ளது. கட்டியாகக் கடலில் இட்டால் அவ்விரும்பு 1,025 கிலோகிராம் நீரையே விலக்கும், எனவே மூழ்கும். அதே இரும்பைத் தகடாக அடித்து, 8 கன மீட்டர் நீரை விலக்கத்தக்க பெட்டியாகச் செய்தால், அது 8,200 கிலோகிராம் நீரை விலக்க வல்லதாகும். அதன் எடையோ பழைய 7,850 கிலோகிராமே. ஆதலால் அது மிதக்கும். இரும்பு மாறவில்லை, எடை மாறவில்லை, வடிவு மட்டுமே மாறியது.

1787 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த சான் வில்கின்சன் என்னும் இரும்பாலை உரிமையாளர், இரும்புத் தகடுகளால் ஒரு படகு செய்து செவர்ன் ஆற்றில் விட்டார். இரும்பு மிதவாது என்று எண்ணியவர் பலர் ஆவர். படகோ சரக்கோடு மிதந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆர்க்கிமிடீசு எழுதி வைத்த உண்மையை, மக்கள் கண்ணாற் கண்டு நம்புவதற்கு அத்துணைக் காலம் ஆயிற்று.

தோணியும் நீர்க்கோடும்

இவ்விதியைத் தோணியின்மேல் வைத்துக் காண்க. கணக்கு எளிதாகும்பொருட்டு, 20 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பெட்டி வடிவான தோணி ஒன்று கடலில் நிற்பதாகக் கொள்க. அஃது 10 சென்டிமீட்டர் மேலும் தாழ்ந்தால், 10 கன மீட்டர் நீரைப் புதிதாக விலக்கும். அந்நீரின் எடை 10,250 கிலோகிராம். ஆகவே, 50 கிலோகிராம் எடையுள்ள 205 மூட்டைகளை ஏற்றினால் தோணி 10 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றுவிடும். உண்மையான தோணியின் அடி வளைந்திருத்தலால் கணக்கு சிறிது வேறுபடும், முறை ஒன்றே. தோணி தாழ்வது தோல்வியன்று. புதிதாக ஏறிய சுமைக்கு ஈடான நீரை விலக்கும்வரை அது தாழ்கிறது. ஈடு கிடைத்ததும் நின்றுவிடுகிறது.

ஆற்று நீர் கடல்நீரினும் இலேசானது. ஒரு கன மீட்டர் நன்னீர் 1,000 கிலோகிராம் எடையே உள்ளது. எனவே, கடலில் 2 மீட்டர் தாழ்ந்து நிற்கும் அப்பெட்டித் தோணி, ஆற்று முகத்தினுள் நுழைந்தால் 2 மீட்டர் 5 சென்டிமீட்டர் தாழும். சுமை ஒரு மூட்டையும் கூடவில்லை; ஆயினும் கலம் தாழ்கிறது. ஆழம் குறைந்த ஆற்று முகத்தில் இந்த ஐந்து சென்டிமீட்டரும் ஏராவைத் தரையில் தட்டச் செய்யக்கூடும்.

மிதப்பது மட்டும் போதாது. கவிழாமல் மிதத்தல் வேண்டும். கனத்த சரக்கை அடியிலும் இலேசான சரக்கை மேலும் அடுக்குவது பழமையான வழக்கம். சரக்கு இல்லாத போது மணலையோ கல்லையோ அடிப்பாரமாக இடுவர். எடை கீழே நிற்குமாயின், அலை மோதிச் சாய்ந்த கலம் தானே நிமிரும். எடை மேலேறி நிற்குமாயின், சிறிது சாய்ந்த கலமும் மேலும் சாய்ந்து கவிழும். சிற்றோடத்தில் செல்வோர் எல்லாரும் ஒருங்கே எழுந்து நிற்றல் கூடாது என்று ஓடக்காரர் எச்சரிப்பதும் இதுபற்றியே ஆகும்.

இவ்வளவும் தெரிந்த பின்னரும், மனிதரின் பேராசை இவ்விதியைப் பலமுறை மறந்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கப்பல் உரிமையாளர் சிலர், பழுதுற்ற கப்பல்களில் அளவிற்கு மீறிச் சரக்கேற்றிக் கடலுக்கு அனுப்பினர். கப்பல் மூழ்கினால் காப்பீட்டுத் தொகை அவர்களுக்குக் கிடைத்துவிடும், மூழ்கியவர் மாலுமிகளே. அக்கப்பல்களில் ஏற மறுத்த மாலுமிகள் சிறையிலும் இடப்பட்டனர். சாமுவேல் பிளிம்சால் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் இக்கொடுமையை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். அதன் பயனாக 1876 ஆம் ஆண்டுச் சட்டம், கப்பலின் புறத்தே சுமைக்கோடு ஒன்று வரையப்பெறுதல் வேண்டும் என்று விதித்தது. 1930 ஆம் ஆண்டில் பன்னாடுகள் கூடி இக்கோட்டிற்குப் பொதுவான ஒழுங்கு அமைத்தன.

இன்று பெருங்கப்பலின் பக்கத்தில் கோடுகள் பல காணப்படும். குளிர்காலக் கடலுக்கு ஒரு கோடு. வெப்பநாட்டுக் கடலுக்கு ஒரு கோடு. நன்னீருக்கு ஒரு கோடு. அலை மிகுந்த குளிர்காலக் கடலில் கப்பல் குறைந்த சுமையோடு உயர்ந்து நிற்றல் வேண்டும். ஆதலால் அக்கோடு தாழ்ந்த இடத்தில் வரையப்படும். ஒரு கோட்டிற்கு மேல் நீர் ஏறலாகாது என்னும் இச்சிறு விதி காத்த உயிர்கள் மிகப் பல. தோணியின் தலைவரைத் தண்டல் என்பர். இத்தகைய கோடுகள் இல்லாத காலத்தில், தம் தோணியின் எந்தப் பலகைவரை நீர் ஏறலாம் என்பதைத் தண்டல்கள் பட்டறிவால் தெரிந்திருந்தனர். ஆசை மிகுந்த வணிகர் மேலும் பத்து மூட்டை ஏற்றுமாறு வேண்டும்பொழுது, மறுத்துரைக்கும் துணிவும் அத்தொழிலின் ஒரு கூறே ஆகும்.

முத்துக் குளிப்போரும் கல்லும்

மிதக்கச் செய்யும் விதியே மூழ்கவும் துணை செய்யும். மன்னார் வளைகுடாவில், கடலடியில் முத்துச் சிப்பிகள் வாழும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பர். அவை பெரும்பாலும் பத்து முதல் இருபது மீட்டர் ஆழத்தில் உள்ளன. முத்துக்குளிக்கும் காலத்தில் படகுகள் நள்ளிரவில் கரைக்காற்றைப் பற்றிப் புறப்பட்டு, விடியலில் பாரை அடையும். பிற்பகலில் கடற்காற்றைப் பற்றிக் கரை திரும்பும்.

நுரையீரல் நிறையக் காற்றை இழுத்த மனிதன் நீரில் மிதக்கும் இயல்பினன். அவன் விரைந்து அடியை அடைதல் எளிதன்று. ஆகவே, குளிப்பவர் கயிற்றிற் கட்டிய கனத்த கல்லில் காலை ஊன்றி நீரினுள் இறங்குவர். கல் அவரை நொடிப்பொழுதில் அடியிற் சேர்க்கும். அவர் கல்லை விட்டுவிட்டுச் சிப்பிகளைத் திரட்டி வலைப்பையில் இடுவர். மேலே உள்ளவர் கல்லை இழுத்துக்கொள்வர். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் குளிப்பவர் கயிற்றை அசைக்க, மேலே உள்ளவர் அவரையும் இழுத்தெடுப்பர். 15 கிலோகிராம் எடையுள்ள கருங்கல் ஒன்று கடலினுள் 9 கிலோகிராமுக்குச் சற்று மிகுந்த எடையுள்ளதாகவே தோன்றும். எஞ்சிய எடையை நீர் தாங்கிக்கொள்கிறது. கல்லை மேலே இழுப்பவர் கைகள், அது நீருக்கு வெளியே வரும் கணத்தில் திடீரெனக் கனப்பதை உணரும்.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்ப்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்காகும். அங்கு நுரையீரலின் காற்றுப் பாதியாகச் சுருங்கும். உடல் விலக்கும் நீரும் குறையும். மேலே மிதந்த உடல் அங்கே மிதக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலால், அடியில் நிற்பவருக்குக் கயிறு வெறும் உதவியன்று, அதுவே உயிர். குளிப்பவரின் கயிற்றை அவருடைய மைத்துனரே பிடிப்பது வழக்கம் என்று இக்கரையில் கூறுவர். உடன்பிறந்தாளின் வாழ்வு தன் கையில் உள்ளது என்பதை உணர்ந்தவர் கயிற்றைத் தளரவிடார் அன்றோ? 1961 ஆம் ஆண்டிற்குப் பின் இக்கடலில் முத்துக்குளித்தல் நடைபெறவில்லை. சங்கு குளித்தல் தொடர்கிறது.

ஆழம் குறைந்த கரை

முத்திற்கு இக்கரையில் முதற்புகழ் பெற்ற ஊர் கொற்கை. அது தாமிரபருணி கடலொடு கலக்கும் இடத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘எரித்ரயக் கடற்பயணக் கையேடு’, பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்றோரைக் கொண்டு முத்துக்குளித்தல் நடைபெற்றதைக் குறிப்பிடுகிறது. ஆனால், தாமிரபருணி ஆண்டுதோறும் மணலையும் வண்டலையும் கொண்டுவந்து குவித்தது. கடல் ஆழம் குறைந்தது. கரை கிழக்கே நீண்டது. தாழ்ந்து மிதக்கும் கலங்கள் கொற்கையை அணுக இயலாமற் போயிற்று. வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, காயலைச் செல்வம் மிக்க துறைமுகமாகக் கண்டார். பின்னர்க் காயலையும் வண்டல் தூர்த்தது. இன்று கொற்கையில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. வயலும் பனையும் குளமுமே தெரியும். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1968–69 ஆம் ஆண்டுகளில் அங்கு அகழ்ந்து, பழம்பெருமைக்குச் சான்றுகள் கண்டனர். கொற்கையைப் பகைவர் அழித்தாரல்லர். ஆழம் குறைந்தமையே அதனை அழித்தது.

அடுத்து எழுந்தது தூத்துக்குடி. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரும், 1658 முதல் ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும் அதனைக் கைக்கொண்டனர். அங்கும் கரையோரக் கடல் ஆழமற்றதே. பெரிய நீராவிக் கப்பல்கள் பல கிலோமீட்டர் தொலைவிலேயே நங்கூரம் இட்டன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கையும் மக்களையும் கொண்டு சென்றவை தோணிகளும் படகுகளுமே ஆகும். சிறிது நீரிலும் மிதக்கும் தோணியே, பெருநீர் வேண்டும் கப்பலுக்குக் கையும் காலுமாக நின்றது.

இத்துறையிலிருந்தே வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பலை ஓட்டினார். 1906 ஆம் ஆண்டில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. 1907 இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்து, தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையே ஓடின. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைப் பெரிதும் குறைத்துப் போட்டியிட்டது. 1908 இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். சங்கம் 1911 இல் கலைக்கப்பட்டது. 1912 இன் இறுதியில் அவர் விடுதலை பெற்றபொழுது, அவர் கண்ட கப்பல்கள் இல்லை. கலம் நீரில் மிதப்பதற்கு இயற்கையின் விதி போதும்; அடிமை நாட்டில் அதனை ஓட்டுவதற்கு, தம் வாழ்வையே விலையாகக் கொடுப்பவர் வேண்டியிருந்தது.

நாடு விடுதலை பெற்றபின், ஆழம் தேடிக் கப்பல் தொலைவில் நிற்கும் நிலையை மாற்ற அரசு முனைந்தது. கரை ஆழமற்றதாயின், ஆழமுள்ள இடம்வரை கரையை நீட்டலாம் அன்றோ? 1964 ஆம் ஆண்டில் ஆழ்கடல் துறைமுகப் பணி தொடங்கியது. கடலினுள் இரண்டு அலைதாங்கிச் சுவர்கள் கல்லால் எழுப்பப்பட்டன. வடக்கே உள்ளது 4 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளமுள்ளது. தெற்கே உள்ளது ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் நீளமுள்ளது. இடைப்பட்ட கடலடி தோண்டி ஆழமாக்கப்பட்டது. 1974 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11 ஆம் நாள், தூத்துக்குடி இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 இல் அதற்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. கொற்கையை விட்டு ஆழம் நீங்கியபொழுது முன்னோர் ஊரைப் பெயர்த்துச் சென்றனர். அவர்தம் வழியினரோ ஊரை விடாது, ஆழத்தையே ஊருக்குக் கொண்டுவந்தனர்.

ஆயினும் கடல் முழுவதையும் மனிதன் தோண்டிவிடவில்லை. இந்தியாவிற்கும் இலங்கைக்கும் இடையே உள்ள மணற்றிட்டுகளின் மேல் நீர் மிகவும் ஆழம் குறைந்தது. ஆதலால், தூத்துக்குடியிலிருந்து சென்னை செல்லும் பெருங்கப்பல் இன்றும் இலங்கைத் தீவைச் சுற்றியே செல்கிறது. சிறு கலங்களே பாம்பன் கால்வாய் வழியாகச் செல்ல இயலும். தோணிகளும் மறைந்துவிடவில்லை. பாய் விரித்து ஓடியவை எந்திரம் பூண்டு, பெருங்கப்பல் நுழையாத சிறு தீவுத் துறைகளுக்குச் சரக்குக் கொண்டு செல்கின்றன. பெரியது செல்ல இயலாத இடத்தில் சிறியதற்குத் தொழில் உண்டு.

இவ்வுண்மைகளைச் சோதித்தறியக் கடற்கரைக்குச் செல்ல வேண்டுவதில்லை. அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, ஒரு தேங்காய்ச் சிரட்டையை மிதக்கவிடுக. அதன் புறத்தே நீர் நிற்கும் இடத்தில் கரியால் ஒரு கோடு இடுக. பின்னர்ச் சிறு கற்களை ஒவ்வொன்றாக உள்ளே இட்டு, ஒவ்வொரு முறையும் கோடு இடுக. கற்களை ஒருபுறமாகக் குவித்தால் சிரட்டை சாய்வதையும், நடுவே பரப்பினால் நிமிர்வதையும் காண்க. இறுதியில் ஒரு கல், ஒரே ஒரு கல், மிகுதியாகும்பொழுது விளிம்பின் வழியே நீர் உட்புகும்; சிரட்டை அமிழ்ந்துவிடும். அக்கல்லுக்கு முந்திய கல்லோடு நிறுத்துவதே தண்டலின் அறிவு; அக்கோட்டை மதித்து நடப்பதே கப்பலோட்டும் நாடுகளின் நெறி.